கரேராவும் சோழவரமும்

போன மாதம் என் மனைவியின் அண்ணன் மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். ஏதோ ஒரு வீடியோ பரவியதிலிருந்து, கூமாப்பட்டிக்கு வருகிறவர்கள் எல்லாம் நேரே பிளவக்கல் அணைக்குத்தான் போகிறார்கள். இவன் போகவில்லை. திண்ணையில் உட்கார்ந்து கையை நீட்டி, "பாருங்க மாமா" என்றான். புதுக் கைக்கடிகாரம். பெரிய முகப்புக்குள் மூன்று குட்டி முகப்புகள், பக்கத்தில் திருகு போக இரண்டு பொத்தான்கள். டேக் ஹோயர் கம்பெனியின் கரேரா, 1963-ல் வந்த பழைய மாடலை ஒட்டிச் செய்த சிறப்புப் பதிப்பாம். கார் பந்தயப் பாரம்பரியம் என்று கூடவே வந்த சிறு புத்தகத்தில் போட்டிருந்தது. விலையைச் சொன்னான். என் ஒரு வருஷப் பென்ஷன்.

இதற்குப் பெயர் குரோனோகிராஃப். இந்தச் சொல்லைப் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நாளிலேயே எனக்குத் தெரியும். குரோனோஸ் என்றால் கிரேக்க மொழியில் காலம், கிராஃபோ என்றால் எழுதுகிறேன். காலத்தை எழுதுவது. கடிகாரம் எங்கே எழுதுகிறது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பின்னால் தெரிந்துகொண்டேன், உண்மையாகவே அது எழுதியது. 1821-ல் பாரிஸில், இன்று ஐஃபில் கோபுரம் நிற்கும் ஷான் த மார்ஸ் மைதானத்தில் குதிரைப் பந்தயம் நடந்தது. நிக்கோலா ரியூசெக் என்ற கடிகாரக்காரர் ஒரு மரப்பெட்டியோடு வந்தார். உள்ளே வட்டத்தட்டுகள் சுழலும், மேலே மை தோய்ந்த முள். குதிரை கோட்டைத் தாண்டும்போது பொத்தானை அழுத்தினால் தட்டின்மேல் ஒரு மைப்புள்ளி விழும். அடுத்த குதிரைக்கு அடுத்த புள்ளி. மறு வருஷம் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். அவருக்கு முன்பே, 1816-ல், லூயி முவானே என்பவர் வானியல் வேலைக்காக இப்படி ஒன்று செய்திருந்தார் என்பது சமீபத்தில்தான் வெளியே வந்தது. ஆனால் அதில் மை கிடையாது. முப்பத்தைந்து வருஷம் எழுத்தராக இருந்தவன் என்ற முறையில் என் ஓட்டு ரியூசெக்குக்கு.

குதிரை போய் கார் வந்தது. மை போய் முள் மட்டும் மிஞ்சியது. 1957-ல் ஒமேகா கம்பெனி ஸ்பீட்மாஸ்டரைக் கொண்டுவந்தபோது, அது பந்தயக்காரர்களுக்கான கடிகாரம். நிலாவுக்குப் போனதெல்லாம் பிற்பாடு. முகப்பைச் சுற்றியுள்ள வளையத்தில் டாக்கிமீட்டர் என்ற எண் வரிசையைப் பொறித்தார்கள். ஒரு கிலோமீட்டர் கல்லில் முள்ளை ஓடவிட்டு அடுத்த கல்லில் நிறுத்தினால், முள் காட்டும் எண்தான் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற வேகம். 36 வினாடி என்றால் 100, 45 என்றால் 80.

மாப்பிள்ளையின் கடிகாரத்திலும் அந்த வரிசை இருந்ததால் அவன் காரிலேயே சோதித்துப் பார்த்தோம். வத்திராயிருப்பு சாலையில் ஆடு, டிராக்டர், வளைவு எல்லாம் கடந்து ஒரு கிலோமீட்டர் போக ஒன்றரை நிமிஷம் ஆனது. வரிசையோ 60-ஓடு முடிகிறது. ஒரு நிமிஷத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறவனை அது கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அப்புறம் 200 மீட்டருக்கு ஒன்றாக நிற்கும் சின்னக் கற்களை வைத்து அளந்தோம். 18 வினாடி, முள் காட்டியது 200. அதை ஐந்தால் வகுத்தால் நாற்பது. எங்கள் ஊர் வேகம் அதுதான்.

கரேரா என்பது ஸ்பானியச் சொல். பந்தயம் என்று பொருள், உத்தியோக வாழ்க்கை என்றும் பொருள். மெக்சிகோவை வடக்கு தெற்காகக் கடக்கும் நெடுஞ்சாலை முடிந்ததைக் கொண்டாட 1950-ல் 'கரேரா பனமெரிக்கானா' என்ற பந்தயத்தைத் தொடங்கினார்கள். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல், சாதாரணப் பொதுச் சாலையில். ஐந்தே பந்தயங்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 1954-ஓடு நிறுத்திவிட்டார்கள். 1962-ல் அமெரிக்காவின் செப்ரிங் பந்தயத் திடலில் ஜாக் ஹோயருக்கு இந்தப் பெயரைச் சொன்னவர்கள், ரிக்கார்டோ, பெட்ரோ ரோட்ரிகஸ் என்ற மெக்சிகோ சகோதரர்களின் பெற்றோர். பெயரின் ஓசை பிடித்துப்போய் அடுத்த வருஷமே கடிகாரத்துக்கு வைத்துவிட்டார். பெயரைச் சொன்னவர்களின் இளைய மகன் ரிக்கார்டோ அதே 1962 நவம்பரில் மெக்சிகோ நகரில் பயிற்சி ஓட்டத்தில் இறந்தான். வயது 20. மூத்தவன் பெட்ரோ 1971-ல் ஜெர்மனியில் ஒரு பந்தயத்தில் போனான். மாப்பிள்ளையின் சிறு புத்தகத்தை இரண்டு முறை புரட்டினேன். பளபளப்பான கார்ப் படங்கள் இருந்தன. அந்தத் தாய் தகப்பனைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

நமக்கும் ஒரு பந்தயம் இருந்தது. சென்னைக்கு வடக்கே, கல்கத்தா சாலையில் சோழவரம். உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் அங்கேதான் பந்தயம் நடத்தியது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை வந்ததும் சோழவரத்தின் காலம் முடிந்தது. 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் கோயம்புத்தூர்க்காரர். வானத்திலிருந்து அவர் குதித்துவிடவில்லை.

எழுபதுகளில் ஒரு தடவை நானும் போயிருக்கிறேன். மெட்ராஸில் மோட்டார் பட்டறையில் இருந்த என் மாமா மகன் கூட்டிப்போனான். நிழலே கிடையாது. ஃபியட்டும், மெட்ராஸிலேயே தயாரான ஹெரால்டும், ஜாவாவும் என்ஃபீல்டும் காது கிழிய ஓடின. அவன் கையில் இரவல் வாங்கிய ஸ்டாப்வாட்ச், என் கையில் பென்சிலும் நோட்டும். அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒரு மோட்டார் சைக்கிள்காரர் திருப்பத்தில் சறுக்கி வைக்கோல் கட்டுகளுக்குள் போய் விழுந்தார். நாங்கள் எழுந்து நின்றுவிட்டோம். கொஞ்ச நேரம் கழித்து அவர் நொண்டிக்கொண்டே எழுந்து வந்தார். கூட்டம் கை தட்டியது. அப்புறம்தான் பார்த்தோம், ஸ்டாப்வாட்ச் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. என் நோட்டில் அந்தச் சுற்றுக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். மாப்பிள்ளைக்குக் கும்மிடிப்பூண்டியில் வேலை. ஆறு வருஷமாகத் தினமும் சோழவரம் வழியாகத்தான் போய் வருகிறான்.

"அங்கயா? எந்த இடத்துல மாமா?" என்றான்.