அடையாற்றுச் சிறுவர் வழக்கு

பெற்ற பிள்ளையின்மீது தந்தைக்குள்ள உரிமை எத்தகையது? நிலத்தையும் வீட்டையும் போல அதனைப் பிறருக்கு எழுதிக் கொடுக்கலாகுமா? கொடுத்தபின் திரும்பக் கேட்கலாகுமா? இவ்வினாக்களைச் சென்னையில் எழுந்த ஒரு வழக்கு நாடறியச் செய்தது.

தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்ற நாராயணையா, மனைவியை இழந்தவர். 1909-ஆம் ஆண்டில் தம் புதல்வர்களுடன் அடையாற்றுப் பிரம்மஞான சபையில் வந்து குடியேறினார். அங்கிருந்த லெட்பீட்டர் என்னும் ஆங்கிலேயர், சிறுவன் கிருஷ்ணமூர்த்தியிடம் வருங்கால உலக குருவுக்குரிய அடையாளங்களைக் கண்டதாகக் கூறினார். சபைத் தலைவி அன்னி பெஸன்ட் அம்மையார், அவரையும் தம்பி நித்தியானந்தாவையும் வளர்க்க முன்வந்தார். 1910 மார்ச்சு மாதத்தில் தந்தையும் இசைந்து, காப்பாளர் பொறுப்பை அம்மையாருக்கு எழுதிக் கொடுத்தார்.

1912-இல் சிறுவர் இருவரும் கல்விக்காக இங்கிலாந்து சென்றனர். லெட்பீட்டரின் தொடர்பைத் தம் மக்கள் விட்டொழிய வேண்டும் என்று கருதிய தந்தை, அவர்களைத் திருப்பித் தருமாறு கேட்டார். அம்மையார் மறுத்தார். வழக்குச் செங்கற்பட்டில் தொடங்கிச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாறியது. தந்தைக்காகச் சி. பி. ராமசாமி ஐயர் வாதாடினார். அம்மையார் தம் வழக்கைத் தாமே நடத்தினார்.

இருபுறமும் நியாயம் இருந்தது. தன் மகனைப் பிறர் தெய்வப் பிறவியாக்கிக் கடல் கடந்து வைத்திருக்கையில் எந்தத் தந்தையின் உள்ளம் அமைதியுறும்? ஆயினும், வாக்களித்துக் கையெழுத்திட்டவரும் அவரே. அவ்வாக்கை நம்பிச் சிறுவர் புதிய வாழ்வில் வேரூன்றிவிட்டனர்.

1913 ஏப்ரலில் நீதிபதி பேக்வெல், சிறுவரைத் தந்தையிடம் ஒப்புவிக்குமாறு தீர்ப்பளித்தார். அன்று கிருஷ்ணமூர்த்திக்குப் பதினெட்டு வயது நிறையச் சில வாரங்களே இருந்தன. மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைத்தது. ஆனால் 1914 மே மாதத்தில் லண்டன் பிரிவி கௌன்சில் அதனைத் தள்ளிவிட்டது. சிறுவர் வாழ்வது இங்கிலாந்தில். ஆதலின் தந்தை நாட வேண்டியது அந்நாட்டு நீதிமன்றத்தையே என்றது.

இது வெறும் எல்லைத் தகராறு என எண்ணலாகாது. காப்பாளர் பொறுப்பு ஒரு புனிதமான நம்பிக்கைப் பொறுப்பு. தந்தை அதனைப் பிறருக்கு நிலையாகத் தந்துவிட இயலாது, தந்தாலும் திரும்பப் பெறலாம் என்று அம்மன்றம் ஒப்புக்கொண்டது. எனினும், புதிய சூழலில் பிள்ளைக்கு உறவும் எதிர்பார்ப்பும் வளர்ந்தபின், அதைக் குலைப்பது பிள்ளையின் நலனுக்குக் கேடாயின் நீதிமன்றம் தடுக்கலாம் என்றது. வழக்கில் அச்சிறுவர் தரப்பினராகச் சேர்க்கப்படவில்லை. அவர்கள் விருப்பம் கேட்டறியப்படவும் இல்லை. இக்குறைகளையும் அது சுட்டியது. தக்க அறிவு வாய்ந்த மைனரின் விருப்பத்தை நீதிபதி கருதலாம் என 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் முன்னரே கூறியிருந்தது.

1929-இல் ஹாலந்து நாட்டின் ஓமன் நகரில், தம்மைத் தலைவராகக் கொண்ட சங்கத்தைக் கிருஷ்ணமூர்த்தி தாமே கலைத்தார். தந்தையும் அம்மையாரும் வாதாடியது ஒரு பொருளுக்காக அன்று. தனக்கென ஒரு மனம் வாய்ந்த மனிதருக்காக என்பது அன்று விளங்கிற்று.

பிள்ளையின் நலனே தலையாயது என்று 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர் காப்பாளர் சட்டம் வரையறுத்தது. குழந்தைகள் பெற்றோரின் உடைமையுமல்லர், விளையாட்டுப் பொருளுமல்லர் என்ற கருத்தை, சென்னையிலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில் 1973-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

ஊர்விட்டு வந்து மும்பையிலோ தில்லியிலோ வாழும் தமிழ்க் குடும்பங்களும் இதனை அறிந்திருத்தல் நலம். பெற்றோர் பிரிய நேர்ந்து காப்பாளர் வழக்கு எழுமாயின், பிள்ளை வழக்கமாக எங்கு வாழ்கிறது என்றே சட்டம் முதலில் கேட்கும்; பெற்றோரின் பூர்விகம் எது என்றன்று. அதன்பின், பிள்ளைக்கு எது நன்மை என்று கேட்கும். நீதிமன்றம் கேட்குமுன் அவ்வினாவைப் பெற்றோர் தாமே கேட்டுக்கொள்வார்களாயின், பிள்ளை சாட்சிக் கூண்டருகே நின்று இருவருள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் துன்பம் நேராது.