உளியும் கையளிப்பும்

தியாகதுருகத்து மலைக்கோட்டையை இப்பகுதியில் அறியாதார் இலர். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மைசூர்ப் படைகளும் அதன்பொருட்டுப் பொருதனர். 1790இல் திப்பு சுல்தானின் முற்றுகையை அங்கிருந்த ஆங்கிலேயப் படை எதிர்த்து நின்றது. காவலர் அகன்ற பின்னும் கல் நிற்கிறது. இவ்வட்டாரத்தின் மற்றொரு செல்வத்திற்கு அவ்வாய்ப்பு இல்லை. அறிந்தவர் மறைந்தால் அதுவும் மறையும்.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தையே கூறுகிறோம். 2021இல் அது புவிசார் குறியீடு பெற்றது, நாமும் மகிழ்ந்தோம். ஆயினும் 1999ஆம் ஆண்டுச் சட்டம் காப்பது பெயரை. வேற்றூர்ப் பொருளை இப்பெயரில் விற்கலாகாது, அவ்வளவே. பத்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். கைத்திறனைப் புதுப்பிக்க அலுவலகம் ஏதுமில்லை.

பலகையின் நீரோட்டம் எப்பக்கம் ஓடுகிறது, எந்த இடத்தில் எந்த உளி, கொட்டாப்புளி எவ்வளவு மெல்ல விழவேண்டும் என்பதை நூல் கற்பிப்பதில்லை. முகத்தின் நீளத்தைத் தாலமாகக் கொண்டு உருவம் முழுவதையும் அளக்கும் கணக்கை வேண்டுமானால் எழுதிவைக்கலாம். கண்ணைத் திறக்கும் கையை எழுதிவைக்க முடியுமா? யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கை மரபுக் கைத்திறனைப் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றபோது, பொருளைவிட அறிவையே முன்வைத்தது. இந்தியா 2005இல் அதில் இணைந்தது. குருமடத்தில் நாம் பயின்ற இறையியலில் மரபு என்பதற்கான இலத்தீன் சொல்லின் பொருள் கையளித்தல். தமிழில் அச்சொல்லுக்குள்ளேயே கை இருப்பது நமக்கு எப்போதும் வியப்பே. கொடுக்கும் கையோடு வாங்கும் கையும் வேண்டும்.

ஜப்பானியர் இதை நன்கு உணர்ந்தவர். ஈசே நகரின் மரக்கோயிலை 690 முதல், இடையே நூறாண்டுக்கு மேல் தடைபட்டும், இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டிவருகின்றனர். 2013இல் கட்டியது 62ஆம் முறை. ஒரு முறை உதவியாளாக நின்ற தச்சர் அடுத்த முறை தலைமை ஏற்க இயலும். கேரளத்துக் கூடியாட்டமும் சாக்கியார், நம்பியார் குடும்பங்களுக்குள் அடங்கியிருந்ததே. 1965இல் கேரள கலாமண்டலம் அதைப் பாடமாக்கிப் பிறருக்கும் திறந்தது. 2001இல் யுனெஸ்கோ அதை மானுட மரபின் அரும்பெரும் செல்வமென அறிவித்தது. குலத்தொழில் என்று மூடிவைத்திருந்தால் என்னவாகியிருக்கும்?

நம் பக்கத்திலோ, கணினி ஆணைக்கு இயங்கும் செதுக்கு இயந்திரம் கதவுப் பூவேலையைச் சில மணி நேரத்தில் முடிக்கிறது. ஆலயங்களில் ஃபைபர் சுரூபங்கள் மலிந்துவிட்டன. எடை குறைவு, விலையும் குறைவு, பங்குகளைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் உளி பிடிக்கக் கற்கும் இளைஞனுக்குத் தொடக்க ஆண்டுகளில் வருவாய் சொற்பம். கட்டட வேலைக்குச் சென்றால் அன்றைக்கே கூலி. பெற்றோர் எதைத் தேர்வர் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆலயத்திற்குப் பீடமோ சப்பரமோ மரத்தில் செய்ய முன்வரும் பங்குமக்கள், விலை பேசும்போதே, அருகில் ஓர் இளைஞனை வைத்துக் கற்பிப்பதற்கான கூலியையும் சேர்த்துப் பேசலாம்.