ரஞ்சன்குடி கோட்டையும் உடைஞ்ச மேகசினும்

பொட்டி தட்டுறதுக்கு நடுவுல பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு.

பொங்கலுக்குப் பெரம்பலூர் போனப்ப, சித்தப்பா பையனோட பைக்ல ரஞ்சன்குடி கோட்டைக்குப் போனேன். திருச்சி - சென்னை ரோட்டுல நூறு தடவை பஸ்ல தாண்டிப் போயிருப்பேன், இறங்கிப் பார்த்தது இதான் முதல் தடவை. தம்பி ஐ.டி.ஐ. ஃபிட்டர். மேல நின்னு காத்து வாங்கிட்டு இருக்கறப்ப கேட்டான்: "அண்ணே, திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில அப்ரெண்டிஸ் போடலாம்னு இருக்கேன். அது இப்ப கவர்மெண்டா, கம்பெனியா?"

"ரெண்டும்தாண்டா"ன்னேன். முறைச்சான். நியாயம்தான். ஆனா நாங்க நின்ன இடத்துலயே அந்தக் கேள்விக்கு 270 வருஷத்துக்கும் மேல வயசு.

1751-ல் இந்தக் கோட்டையடியில ஒரு சண்டை. ஆங்கிலேயர் ஏட்டுல 'வால்கொண்டா'ன்னு இருக்கும், நம்ம வாலிகண்டபுரம்தான். சந்தா சாகிப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள், முகமது அலி பக்கம் ஆங்கிலேயர்கள். ஆங்கிலேயர் படை மிரண்டுபோய்த் திருச்சிக்குப் பின்வாங்கியது. கவனிக்க வேண்டியது இதுதான்: ரெண்டு பக்கமும் வந்த வெள்ளைக்காரப் படை எந்த ராஜாவோட படையும் இல்லை. துணியும் மிளகும் வித்த ரெண்டு வியாபாரக் கம்பெனிகளோட படை.

அடுத்து அரியலூர். நவாப் ஆகிவிட்ட முகமது அலிக்கு அரியலூர், உடையார்பாளையம் பாளையக்காரர்களை அடக்க வேண்டியிருந்தது. 1764 நவம்பரில் சென்னை கவுன்சிலிடம் படை உதவி கேட்டார். 1765 ஜனவரி 3-ல் நவாபின் மகன் உம்தத்-உல்-உமராவும் டொனால்ட் கேம்பெல் என்ற கம்பெனி அதிகாரியும் அரியலூருக்குள்ள நுழைஞ்சாங்க. 19-ம் தேதி உடையார்பாளையம் நோக்கிப் படை கிளம்பியது. தோத்துப்போன ரெண்டு பாளையக்காரர்களும் டேனிஷ்காரர்கள் கையிலிருந்த தரங்கம்பாடிக்கு ஓடிப்போனாங்க.

ஜெயிச்சது நவாப். ஆனா பில்? கம்பெனிப் படைக்கான செலவு நவாப் கணக்கில் ஏறியது. அதைக் கட்ட கம்பெனி ஆட்களிடமே வட்டிக்குக் கடன். கடனுக்கு ஈடாக வரி வசூல். கடைசியில் 1801-ல், அரியலூருக்குப் படையோட வந்த அதே உம்தத்-உல்-உமரா இறந்ததும், கர்நாடக ஆட்சியே கம்பெனி கைக்குப் போயிடுச்சு. (திப்புவோட ரகசியக் கடிதப் போக்குவரத்துன்னு ஒரு காரணமும் சொன்னாங்க.) படை சப்ளை பண்ணவனே வாங்குனவனோட வீட்டையும் எடுத்துக்கிட்டான்.

இந்தப் பயம் சுதந்திர இந்தியாவுக்கு இருந்திருந்தா ஆச்சரியம் இல்லை. 1948, 1956 தொழிற்கொள்கைகள் ஆயுத உற்பத்தியை அரசுக்கு மட்டும்னு ஒதுக்கின. வெள்ளைக்காரன் விட்டுப்போன காசிப்பூர், இஷாப்பூர், நம்ம நீலகிரி அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை இதெல்லாம் ஏற்கெனவே இருந்தது. 1966-ல் திருச்சி நவல்பட்டுப் பக்கம் துப்பாக்கித் தொழிற்சாலை சேர்ந்தது. தனியார் இல்லை, லாபம் இல்லை, பிரச்னை இல்லை. அப்படித்தானே?

இன்சாஸ் துப்பாக்கி கதையைப் பாருங்க. இப்படி வேணும்னு கேட்டது ராணுவம். வடிவமைச்சது டி.ஆர்.டி.ஓ.வின் புனே ஆய்வகம். செஞ்சது இஷாப்பூர், கான்பூர், திருச்சி தொழிற்சாலைகள். சோதிச்சு முத்திரை குத்தினது தர உறுதி இயக்குநரகம். எல்லாம் ஒரே பாதுகாப்பு அமைச்சகத்துக்குள்ள. போட்டி டெண்டர் கிடையாது, செலவு என்னவோ அதுவே விலை. 1999 கார்கில் குளிர்ல பிளாஸ்டிக் மேகசின்ல விரிசல் விழுது, துப்பாக்கி சிக்கிக்குதுன்னு புகார் வந்தது. யார் பொறுப்பு? டிசைனா, தயாரிப்பா, சோதனையா, கேட்டவங்களே தப்பாக் கேட்டுட்டாங்களா? ஆளுக்கு ஒரு திசையில கையைக் காட்டலாம்.

நம்ம சாஃப்ட்வேர் பொழப்புலயும் இதேதான். நான் முன்னாடி இருந்த ஒரு ப்ராஜெக்ட்ல டெவலப்பர், டெஸ்டர், வாங்கற டிபார்ட்மெண்ட் எல்லாரும் ஒரே கம்பெனி ஆளுங்க. சிஸ்டம் படுத்தா மீட்டிங் நடக்கும், காபி வரும், பொறுப்பு மட்டும் வராது. ஆனா எங்க சிஸ்டம் படுத்தா ஒரு ரிப்போர்ட் லேட்டாகும். அங்க மலை மேல நிக்கிறவன் உயிர்.

சரி, வெளியில வாங்கலாமே? அதுக்கும் திருச்சியிலயே கதை இருக்கு. தென்னாப்பிரிக்காவின் டெனெல் நிறுவனத்திடமிருந்து கனரகத் துப்பாக்கிகள் வாங்கினோம். தரகுக் குற்றச்சாட்டு கிளம்பி 2005-ல் டெனெல் கறுப்புப் பட்டியலுக்குப் போனது. ஆவடியோட அர்ஜுன் டாங்கி அடிச்சட்டத்துல டெனெல் பீரங்கியைப் பொருத்த இருந்த 'பீம்' திட்டமும் அதோட படுத்துடுச்சு. பின்னாளில் போதிய ஆதாரம் இல்லைன்னு சி.பி.ஐ. வழக்கை முடித்தது! ஒரு நல்லதும் நடந்தது. நம்ம திருச்சி தொழிற்சாலை 'வித்வன்சக்' என்ற கனரகத் துப்பாக்கியைத் தானே உருவாக்கியது. கைவிட்டாங்கன்னா நீச்சல் வருது போல :-)

2001-ல் தனியாருக்குக் கதவு திறந்தது, அந்நிய முதலீடு 26 சதவீதம் வரை. 2020-ல் அது 74 ஆனது. 2019 ஜனவரியில் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தை நிர்மலா சீதாராமன் தொடங்கி வைத்ததும் திருச்சியில்தான். 2021 அக்டோபர் 1-ல் 41 ஆயுதத் தொழிற்சாலைகளும் 7 கம்பெனிகளாகப் பிரிந்தன. தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவிச்சதும், அதைத் தடை செய்ய தனிச் சட்டமே வந்தது. பங்கு முழுக்க அரசிடம், பெயர்ப்பலகையில் கம்பெனி. அதான் தம்பிகிட்ட "ரெண்டும்தாண்டா"ன்னு சொன்னது.

எனக்குப் புரிஞ்சது இவ்ளோதான். அரசா தனியாராங்கறது ரெண்டாவது கேள்வி. நவாப் காலத்தில் விற்றவனுக்குக் கடிவாளம் இல்லை. இன்சாஸ் காலத்தில் விற்றவனும் வாங்கினவனும் ஒரே ஆள், கணக்குக் கேட்க யாருமில்லை. என்ன வேணும், எதுக்கு வேணும்னு தீர்மானிக்கிறது எப்பவும் அரசோட வேலை, அதை யாருக்கும் குத்தகைக்கு விடக் கூடாது. சொன்ன தரத்துல, சொன்ன தேதியில கொடுக்கறது செய்யறவனோட வேலை, அது கான்பூர் தலைமையகமா இருந்தாலும் தனியார் முதலாளியா இருந்தாலும். சோதிக்கிறவன் ரெண்டு பேருக்கும் வேண்டாதவனா இருக்கணும். இந்த மூணும் கலந்துட்டா, கம்பெனின்னு பெயர் மாத்தினாலும் மேகசின் உடையத்தான் செய்யும்.

பைக்ல திரும்பறப்ப தம்பி சொன்னான்: "அண்ணே, எவன் முதலாளியா வேணா இருக்கட்டும். நான் ராவுன பார்ட்டு ஃபெயிலானா எனக்குத் தெரியணும்ல?"

ஒரே வரியில சொல்லிட்டான். இதுக்கு நான் இவ்ளோ நீட்டி முழக்கியிருக்கேன்!

டிஸ்கி: உடையார்பாளையம் பாளையக்காரர்கள் பத்தி தனிப்பதிவே போடலாம். அந்தப் பக்கத்து நண்பர்கள் தாத்தா பாட்டி சொன்ன கதை ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல போடுங்க.