தாம்பரம் சானடோரியம்: ஒரு ஸ்டேஷன் பெயரின் கதை

சென்னை பீச்சிலிருந்து தாம்பரம் போகிற மின்சார ரயில்ல உட்கார்ந்திருக்கீங்கன்னு வச்சுக்குவோம். பல்லாவரம், குரோம்பேட்டை தாண்டினதும், தாம்பரத்துக்கு ஒரு ஸ்டேஷன் முன்னாடி வண்டி நிற்கும். பலகையில 'தாம்பரம் சானடோரியம்'. குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்தது குரோம் தோல் தொழிற்சாலை. சரி, சானடோரியம்னா என்ன? தினமும் அங்கே இறங்குற பல பேருக்கு அது வெறும் ஊர்ப் பெயர்தான்.

காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் ஒன்று இருந்தது. நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்தான சாப்பாடு, இவ்வளவுதான் வைத்தியம். அதற்காக ஊருக்கு வெளியே கட்டிய மருத்துவமனைக்குத்தான் சானடோரியம் என்று பெயர். டாக்டர் டேவிட் சௌரிமுத்து என்ற தமிழர் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் அப்படி ஒன்றை நடத்தினார். 1917-ல் உடல்நலம் கெட்ட கணிதமேதை ராமானுஜன் கொஞ்சகாலம் தங்கியது இவரிடம்தான். பிறகு இந்தியா திரும்பிய சௌரிமுத்து, 1928-ல் தாம்பரம் பக்கத்தில் ஒரு சானடோரியம் தொடங்கினார். 1937-ல் அதை அரசு ஏற்றுக்கொண்டது.

ஏன் தாம்பரம்? நகரத்தின் புகையும் நெரிசலும் இல்லாத இடம். இன்னொரு காரணத்தையும் மறைக்க வேண்டாம். டி.பி. என்றாலே மக்கள் விலகி நின்ற காலம் அது. நோயாளியைத் தூரத்தில் வைப்பது ஊருக்கும் நிம்மதியாக இருந்தது.

ஆனா பாருங்க, அந்தத் தூரம் ரொம்ப நாள் தாங்கல. 1931-ல் பீச்–தாம்பரம் பாதையில் மின்சார ரயில் வந்துவிட்டது. இந்தியாவில் பம்பாய்க்கு அடுத்து மின்சார ரயில் ஓடிய நகரம் மெட்ராஸ்தான். நீராவி இன்ஜின் நின்று கிளம்பி வேகம் பிடிக்க நேரமாகும். மின்சார வண்டி சட்டென்று வேகம் எடுக்கும். அதனால பக்கத்துப் பக்கத்துல ஸ்டேஷன் இருந்தாலும் நின்று நின்று போக முடியும். தெற்கே வயலும் ஏரியுமாக இருந்த இடங்கள் புறநகர்களாக வளர்ந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்த திருப்பம் 1950-களில். காசநோய்க்கு மாத்திரைகள் வந்துவிட்டன. அவற்றை வீட்டிலேயே இருந்து சாப்பிட்டால் போதுமா, சானடோரியத்தில் சேர்ந்தே ஆகணுமா? 1956-ல் இதே மெட்ராஸில் ஓர் ஆய்வு தொடங்கியது. 1959-ல் வெளிவந்த முடிவு, வீட்டுச் சிகிச்சையும் கிட்டத்தட்ட அதே பலனைத் தருகிறது என்றது. அதனால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. உலகம் முழுக்க சானடோரியங்களின் தேவையைக் குறைத்த ஆய்வு அது.

தாம்பரத்து மருத்துவமனை மூடப்படவில்லை. அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாகத் தொடர்கிறது. 1990-களில் எச்.ஐ.வி. நோயாளிகளைத் தொடவே பலர் தயங்கியபோது, அவர்களைச் சேர்த்துக்கொண்டதும் இந்த இடம்தான். ஒரு காலத்தில் விலக்கி வைக்கத் தேர்ந்தெடுத்த இடம், பின்னாளில் விலக்கப்பட்டவர்களை ஏற்றுக்கொண்ட இடமானது.

ஸ்டேஷனைச் சுற்றி ஊரும் மாறியது. 1984-ல் 'மெப்ஸ்' ஏற்றுமதி மண்டலம் வந்தது. 2005-ல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் வந்தது. 2004-ல் மீட்டர் கேஜ் மின்சார வண்டிகள் ஓய்வுபெற்று, அகலப்பாதை வண்டிகள் மட்டும் ஓட ஆரம்பித்தன. எக்ஸ்பிரஸ் ரயில்கள் நிற்காமல் கடந்து போகும். புறநகர் வண்டி நிற்கும்.

இன்று காலை நேரத்தில் அதில் இறங்குகிறவர்களைக் கவனியுங்க. வேலைக்கு ஓடுறவங்க, காலேஜ் பசங்க, அவங்களோட மருந்துச் சீட்டைக் கையில் வச்சுக்கிட்டு மெதுவாக நடக்கிறவரும் இருப்பார். ஒரே கதவு வழியாகத்தான் எல்லாரும் இறங்குறாங்க, யாரும் நகர்ந்து நிற்கிறதில்லை. அந்தப் பெயரில் இருந்த பயம் போய்விட்டது. ஆனா நோய் இன்னும் போகலை. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா, அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்தான்.