இன்டர்காமுக்கும் ஒரு கதவு எண்: ஐ.பி. முகவரி வழங்கும் முறை

மாடிக் குடியிருப்பின் வாசலில் நின்று ஒருவர் பொத்தானை அழுத்துகிறார். நான்காம் மாடியில் தனியாக இருக்கும் பெரியவரின் வீட்டில் மணி அடிக்க வேண்டும். அடிக்கவில்லை, அல்லது அடுத்த வீட்டில் அடிக்கிறது. கருவியில் பழுதில்லை, கம்பியும் அறுபடவில்லை. முதல் நாள் இரவு மின்சாரம் போய் வந்தது, அவ்வளவுதான். வந்தவர் விருந்தாளி என்றால் கைப்பேசியில் அழைத்துக்கொள்வார். ஆம்புலன்ஸ் ஊழியர் என்றால் என்ன செய்வார்? இத்தகைய கோளாறின் வேர் பல சமயம் ஐ.பி. முகவரியில் இருக்கிறது.

பழைய இன்டர்காமில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கம்பி போகும். கம்பியே முகவரி. இன்றைய கருவிகள் கணினிகளைப் போல ஒரே வலையில் இணைந்து, பேச்சை எண்களாக்கிச் சிறு பொட்டலங்களாக அனுப்புகின்றன. தொலைபேசித் துறையின் ஜி.711 முறையில் குரல் நொடிக்கு 8000 முறை அளக்கப்படுகிறது. 20 மில்லிநொடிக்கு ஒரு பொட்டலம் என்று கொண்டால் நொடிக்கு 50 பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல். எல்லாவற்றின் தலையிலும் அனுப்புநர், பெறுநர் முகவரிகள் இருக்கும்.

தெருவும் வீடும்

1981ல் வெளியான ஆர்.எஃப்.சி. 791 வரையறுத்த ஐ.பி. முகவரி 32 பிட் நீளமுள்ளது. 0 முதல் 255 வரையிலான நான்கு எண்களாக எழுதுகிறோம். மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள். உலகத்துக்கு இவை போதவில்லை. பொது இருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டன.

உள்வலைகளுக்கு இந்தத் தட்டுப்பாடு இல்லை. 1996ல் ஆர்.எஃப்.சி. 1918 மூன்று தொகுதிகளை ஒதுக்கியது: 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை, 192.168 என்று தொடங்குபவை. இவை பொது இணையத்தில் செல்லாது. ஆகவே இங்குள்ள முகவரியே இன்னொரு கட்டடத்திலும் இருக்கலாம். எல்லாத் தெருவிலும் 12ஆம் எண் வீடு இருப்பதைப் போல.

192.168.10.25 என்ற முகவரியுடன் 255.255.255.0 என்ற மறைப்பெண்ணும் தரப்பட்டால், முதல் மூன்று எண்கள் தெரு, கடைசி எண் வீடு. அத்தெருவில் 254 கருவிகளுக்கு இடமுண்டு.

வழங்கும் வழிகள்

முதலாவது, தானாக வழங்குதல். 1990களில் உருவான டி.எச்.சி.பி. முறையில் கருவி "எனக்கு முகவரி தருவார் யார்?" என்று வலை முழுவதற்கும் கேட்கிறது. ரூட்டர் ஒன்றைக் குத்தகைக்குத் தருகிறது. குத்தகைக் காலம் பாதி கழிந்ததும் கருவி புதுப்பிக்கக் கேட்கும். வசதியான முறைதான். ஆனால் சிறிய ரூட்டர்கள் பலவற்றில் மின்தடையோடு குத்தகைப் பதிவும் அழிந்துபோகும். மறுபடி தொடங்கும்போது முகவரிகள் இடம் மாறலாம்.

ரூட்டர் விழிப்பதற்குள் கருவி விழித்துவிட்டால், 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே எடுத்துக்கொள்ளும் கருவிகளும் உண்டு. 2005ல் வந்த ஆர்.எஃப்.சி. 3927 இதை வரையறுக்கிறது. திரையில் 169.254 தெரிந்தால், ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று பொருள்.

இரண்டாவது, கையால் எழுதுதல். முகவரி மாறாது. ஆனால் கணக்கு தவறி ஒரே எண்ணை இரண்டு கருவிகளுக்குக் கொடுத்தால் இரண்டும் தடுமாறும்.

மூன்றாவது, முன்பதிவு. ஒவ்வொரு கருவிக்கும் 48 பிட் வன்பொருள் முகவரி உண்டு. அதை மாக் முகவரி என்பார்கள். இந்த மாக் முகவரிக்கு எப்போதும் இந்த ஐ.பி. என்று ரூட்டரில் குறித்துவிடலாம். கருவியை மாற்றும் நாளில் குறிப்பையும் மாற்ற மறக்கக்கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு

24 வீடுகளுள்ள கட்டடத்துக்கு இப்படித் திட்டமிடலாம். ரூட்டருக்கு 192.168.10.1. வாசல் கருவிக்கு 10 என்ற கடைசி எண். வீடுகளுக்கு 11 முதல் 34 வரை, இவை கையால் எழுதப்பட்டவை. தானாக வழங்கும் எண்கள் 100 முதல் 200 வரை மட்டும். இரண்டு பகுதிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது என்பதே முக்கியம்.

ஒரே வகைப் புதுக் கருவிகள் ஒரே தொழிற்சாலை முகவரியோடு வருவதுண்டு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சொருகினால் மோதல்தான். ஒன்றைச் சொருகி, எண்ணை மாற்றி, பிறகு அடுத்ததை எடுக்க வேண்டும். அமைக்கும் மடிக்கணினியும் அந்த நேரத்துக்கு அதே தெருவில் குடியிருக்க வேண்டும். இல்லையேல் கருவி கண்ணில் படாது.

சிப் என்ற அழைப்பு முறையில் இயங்கும் கருவிகள் தங்கள் முகவரியை ஒரு வழங்கியிடம் பதிவு செய்கின்றன. அங்கே வீட்டுக் கருவியின் முகவரி மாறினாலும் புதிய பதிவு நிலைமையைச் சரிசெய்துவிடும். வழங்கியின் முகவரி மட்டும் அசையக்கூடாது. வாசல் கருவி நேரே ஐ.பி. எண்ணை அழைக்கும் அமைப்பிலோ ஒவ்வொரு வீட்டு எண்ணும் நிலையாக இருந்தாக வேண்டும்.

கடைசியாக ஒரு சோதனை. வேலை முடிந்ததும் கட்டடத்தின் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பப் போடுங்கள். பத்து நிமிடம் கழித்து வாசலில் நின்று 24 பொத்தான்களையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். எந்த வீட்டுக்கு எந்த எண் என்ற பட்டியலைத் தாளில் அச்சிட்டு மின்பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். நள்ளிரவில் பழுது பார்க்க வருபவர் நீங்களாக இருக்கமாட்டீர்கள். அவருக்கு அந்தத் தாள்தான் வழிகாட்டி.