விதியும் புறனடையும்



ஆணும் பெண்ணும் சட்டத்தின்முன் சமம் என்பதற்காக நம் நாட்டில் நடந்த போராட்டத்தின் முக்கிய கட்டம் 1927 இன் இறுதியிலே தொடங்குகிறது எனலாம். டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்திருந்த வேளை அது. அப்பொழுது கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோன்றியது. அதன் பிரதிநிதிகள் ஆணைக்குழுவின்முன் சென்று சாட்சியமளித்தனர். தோட்டங்களிலே உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று அவர்களிடம் கேட்கப்பட்டது. அவர்களும் பெண்கள்தாமே, எல்லாப் பெண்களுக்குமாகவே கேட்கிறோம் என்ற கருத்துப்பட விடையளித்தார் அக்னஸ் டி சில்வா.

எதிர்ப்பும் வலுவாகவே இருந்தது. மருதனார்மடத்தில் 1913 இல் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களே பெண்களின் வாக்குரிமையை எதிர்த்தார். பெண்ணுக்குக் கல்வி வேண்டும். ஆட்சியிற் பங்கு வேண்டாம் என்னும் எண்ணம் அக்காலக் கற்றோர் பலரிடம் வேரூன்றியிருந்தது.

ஆணைக்குழு 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்குரிமையைப் பரிந்துரைத்தது. ஈற்றில், 1931 இல், இருபாலாருக்கும் 21 வயதே எல்லையாயிற்று. மறு ஆண்டிலேயே நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். வாலிபர் காங்கிரஸின் பகிஷ்கரிப்பினால் வடக்கின் நான்கு தொகுதிகள் வெறுமையாய்க் கிடந்தமையால், அங்குள்ள பெண்கள் 1934 வரை காத்திருக்க நேர்ந்தது. தோட்டப் பெண்களிற் பெரும்பாலானோரோ 1948 இன் குடியுரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து, தம் ஆண்களோடு சேர்ந்தே அவ்வுரிமையை இழந்தனர்.

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை, இனம், மதம், மொழி, சாதி முதலியவற்றோடு பால் காரணமாகவும் எவருக்கும் ஓரங்காட்டலாகாது என விதித்தது. போராட்டம் வென்றுவிட்டது என்றே தோன்றும். ஆனால் நான்கு உறுப்புரைகள் தள்ளி, 16 ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் முன்னிருந்த சட்டங்கள் யாவும் செல்லுபடியாகும் என்றது.

நான் இலக்கணம் கற்பிப்பவன். விதியின் பின்னே புறனடை வருவதை மாணவருக்கு நாளும் விளக்குகிறேன். சூத்திரத்தில் அடங்காது எஞ்சியதை அமைத்துக்கொள்வதே புறனடையின் தொழில், விதியை விழுங்குவதன்று. இங்கோ புறனடை விதியை விழுங்கிற்று.

தேசவழமையை எடுத்துக்கொள்வோம். ஒல்லாந்தர் 1707 இல் தொகுப்பித்த இவ்வழமை பெண்ணின் சீதனத்தை அவளுக்கே உரிய சொத்தாக மதித்தது. நாம் பெருமைப்படத்தக்க செய்தி இது. எனினும் 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என விதித்தது. கணவன் தன் முதுசக் காணியை விற்க மனைவியின் கையொப்பம் வேண்டியிருக்கவில்லை. கணவன் சம்மதிக்க மறுத்தாலோ, கைவிட்டுப் போனாலோ, இருப்பிடம் தெரியாதவனானாலோ அவள் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியை நாடவேண்டியிருந்தது.

போர்க்காலத்தில் இவ்விதியின் பாரம் எத்தகையதாயிற்று என்பதை நேயர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. கணவன் எங்கே என்று அறியாத தாய், பிள்ளைகளின் படிப்புக்காகத் தன் சீதன வளவை விற்க, அவன் இல்லாமையை முதலில் நீதிமன்றத்திலே எடுத்துரைக்க வேண்டியவளானாள்.

நாட்டை ஆள்வோரைத் தெரிவுசெய்யும் தகுதி பெண்ணுக்கு உண்டென 1931 இல் ஏற்றுக்கொண்டோம். தாய் தந்தையர் தந்த காணியை ஆளும் தகுதி அவளுக்கு இல்லை எனப் பின்னர் எவ்வாறு கூறலாம்? அரசியலமைப்பைப் படிக்கும்போது 12 ஆம் உறுப்புரையோடு நின்றுவிடாமல், 16 ஐயும் சேர்த்தே படிப்போமாக.