புதுமை

பெயர்ச்சொல். ‘புது’ என்னும் அடியோடு ‘மை’ விகுதி சேர்ந்தது.

1. முன்பு இல்லாத தன்மை.

2. தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில், இறையருளால் நிகழ்ந்த அரிய செயல். குறிப்பாக, மருந்துக்கு அடங்காத நோய் நீங்குதல். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு குணமானவர்கள், ‘மாதா புதுமை செஞ்சாங்க’ என்பார்கள்.

வியப்பாகிய மருட்கை பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் புதுமையையே தொல்காப்பியம் முதலில் வைக்கிறது. இரண்டாம் பொருளில் வரும் ‘அற்புதம்’ வடமொழி ‘அத்புதம்’ என்பதன் திரிபு. ‘உத்சவம்’ உற்சவமானதும் இவ்வாறே. சீர்திருத்தச் சபையாரிடம் ‘அற்புதம்’ என்னும் சொல்லே மிகுதி. ஆனால் பதுவை அந்தோனியாரைக் கத்தோலிக்கரும் ‘கோடி அற்புதர்’ என்பர்.

‘புதுமை’ என்னும் சொல்லைக் கத்தோலிக்கத் திருச்சபை எளிதில் வழங்குவதில்லை. பிரான்சின் லூர்து நகரில் 1883 முதல் மருத்துவர்கள் குணமானவர்களை ஆராய்கிறார்கள். மருத்துவத்தால் விளக்க முடியாததை மட்டுமே ஆயர் புதுமை என அறிவிக்கலாம்.